ஒரு நிமிடம் கண்சிமிட்டிய டயர் லைட்

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை, கனடாவின் டொரொண்டோ நகரத்து ஸ்காபரோ. வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு, கோடை டயர்களைக் கழற்றிப் பனிக்கால டயர்களை மாட்டி முடிக்கும்போது மதியம் ஒன்றரை மணி. வெளியே 4 டிகிரி. கையுறை இல்லாமல் நட்டைத் தொட்டால் சுடுகிற மாதிரிக் குளிர்ந்தது. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் போட்டிருந்த 103 நியூட்டன் மீட்டர் வரைக்கும் டார்க் ரெஞ்சால் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் சத்தம் போடும் ஸ்பேனர்) இறுக்கினேன். கடைசி 'க்ளிக்' கேட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல், பனிக்கால டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தந்தாக வேண்டும். எனக்கு அந்தத் தள்ளுபடியும் ஒரு காரணம். போன வருடம் ஒரு இறக்கத்தில் பிரேக் மிதித்தும் கார் தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது இன்னொரு காரணம்.

சக்கரங்கள் செகண்ட் ஹேண்ட். வேலை மாறி வான்கூவருக்குப் போகும் ஒருவரிடம் வாங்கினேன். நான்கு இரும்பு ரிம், அவற்றில் ஏற்கெனவே ஏற்றிய நான்கு டயர், பக்கவாட்டில் பனிக்கால டயர் என்பதற்கான மலையும் பனித்துகளும் போட்ட முத்திரை. வால்வுகளில் பளபளவென்று குரோம் மூடிகூடப் போட்டு வைத்திருந்தார். "காற்றளவு சொல்ற சென்சார் எல்லாம் உள்ளேயே இருக்கு" என்றார். இருந்தது உண்மைதான். உயிரோடு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

என் கார் 2016 மாடல் ஜப்பானிய எஸ்யூவி. எந்த டயரில் எவ்வளவு காற்று என்று எண்ணாகக் காட்டும் வசதியெல்லாம் கிடையாது. ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. பானையை நெடுக்காக வெட்டினாற்போல ஒரு கோடு, நடுவில் ஆச்சரியக்குறி. சாயங்காலம் மளிகை வாங்க மார்க்கம் வரை போய்த் திரும்பும்போது, வீட்டுக்கு இரண்டு சிக்னல் இருக்கையில் அது கண்சிமிட்ட ஆரம்பித்தது. ஒரு நிமிடம் போல சிமிட்டிவிட்டு, அப்புறம் அசையாமல் எரிந்தது. மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணினால் அதே கதை: முதலில் சிமிட்டல், பிறகு நிலையான வெளிச்சம்.

டயர் லைட் எரிந்தால் காற்று குறைவு. வேறென்ன? பெட்ரோல் பங்கில் கார்டைத் தட்டி, நான்கு டயருக்கும் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) அடித்தேன். மூன்றில் ஏற்கெனவே 31, 32 இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். விளக்கு அணையவில்லை.

அடுத்து ஒரு நண்பருக்கு போன் போட்டேன். அவரிடம் ஹோண்டா சிவிக் கார். "செட்டிங்ல போய் காலிபிரேட் குடு, அரை மணி நேரம் ஓட்டு, சரியாயிடும்" என்றார். என் காரிலும் ஸ்டீரிங்குக்குக் கீழே 'செட்' என்று எழுதிய பட்டன் இருக்கிறது. அழுத்திப் பிடித்தேன். விளக்கு நிதானமாக மூன்று முறை சிமிட்டியது. ஆஹா, ஏற்றுக்கொண்டது என்று சந்தோஷமாகக் கிங்ஸ்டன் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டினேன். மீண்டும் சிமிட்டல்.

நண்பர் சொன்னது தப்பில்லை. அது அவருடைய காருக்குச் சரி. அவர் காரின் டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்று இறங்கிய டயரின் உருளும் சுற்றளவு கொஞ்சம் சிறுத்துவிடும். அதனால் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை ஏபிஎஸ் பிரேக்குக்காக (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) ஏற்கெனவே இருக்கும் சக்கர வேகச் சென்சார்களை வைத்தே அவர் கார் கண்டுபிடிக்கிறது. டயரை மாற்றினால், 'இதுதான் இனி சரியான அளவு' என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். என் காரில் அப்படி இல்லை. ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சென்சார். அதற்குள் சின்ன பேட்டரி, ரேடியோ, தனக்கென்று ஒரு ஐடி, அதாவது அடையாள எண். சக்கரம் உருள ஆரம்பித்ததும் விழித்துக்கொண்டு, 'நான் இன்னார், என்னிடம் இவ்வளவு காற்று' என்று நிமிடத்துக்கு ஒருமுறை போலச் சொல்லிக்கொண்டே இருக்கும். கார் தன் பட்டியலில் இருக்கும் ஐடிகளின் குரலை மட்டும்தான் காதில் வாங்கும்.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தது ஒரே ஒரு கேள்வி. மார்க்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன டயர் கடை. நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கும் வயது. சீசன் நேரம், வாசல் முழுக்கக் கார். நான் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கியதுமே, கையில் இருந்த, நட்டு கழற்றும் இம்பாக்ட் கன்னைக் கீழே வைக்காமல் கேட்டார்:

"தம்பி, லைட் வந்த உடனை நிண்டு எரியுதோ, இல்லாட்டி மினுங்கிப் போட்டு நிக்குதோ?"

"மினுங்கிட்டுத்தான் அண்ணா நிக்குது."

"அப்ப காத்துப் பிரச்சினை இல்லை. கார் சென்சரைத் தேடுது, கிடைக்கேல்லை. போய்ப் புத்தகத்தை வாசிச்சுப் பாரும்."

வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். இரண்டே வரி. கார் வாங்கி இத்தனை வருடத்தில் நான் திறக்காத பக்கம். வந்ததும் நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் அமைப்பிலேயே கோளாறு. ஒரே விளக்கு, இரண்டு வேறு செய்தி. இது என் கார் கம்பெனியின் கண்டுபிடிப்பு அல்ல, அமெரிக்க விதி. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து வண்டிகள் கவிழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு 2000இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, 2007 செப்டம்பர் முதல் தயாராகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இந்த விளக்கு இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் காற்று குறைந்தால் அது எரிய வேண்டும். கனடாவில் இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் கார்கள் பெரும்பாலும் அதே கார்கள்தானே.

'செட்' பட்டன் விஷயமும் அப்போதுதான் பிடிபட்டது. அது புதுச் சென்சார்களை அறிமுகப்படுத்துவதற்கான பட்டன் இல்லை. 'இப்போது இருக்கும் காற்றையே சரியான அளவு என்று வைத்துக்கொள்' என்று காரிடம் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. நான் அழுத்தியபோது அந்தப் பக்கம் பேச்சுக்கு ஆளே இல்லை.

இங்கே பலர் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இந்த விளக்கை எரியவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். சென்சார் இல்லாத பனிக்கால ரிம் விலை குறைவு, அவ்வளவுதான் காரணம். கையில் கேஜ் வைத்து மாதம் ஒருமுறை காற்றைப் பார்க்கிறவராக இருந்தால் அதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று எனக்கே தெரியும். அதனால் விடாமல் பார்த்தேன்.

ஆபீஸில் ஒருவரிடம் டயர் சென்சாரைப் படிக்கும் கைக்கருவி இருந்தது. பழைய நோக்கியா போனைவிடக் கொஞ்சம் பெரிது. காரின் மாடலையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்து, வால்வுக்குப் பக்கத்தில் டயரின் பக்கச்சுவரில் ஒட்டிப் பிடித்து பட்டனை அழுத்த வேண்டும். கருவி 125 கிலோஹெர்ட்ஸில் சென்சாரைத் தட்டி எழுப்பும். சென்சார் தன் வழக்கமான அலைவரிசையில் பதில் சொல்லும். என் காருக்கு அது 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 433. அங்கிருந்து வந்த சென்சாரை இங்கே மாட்டி, ஏன் கேட்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

முன் இடது: பீப். ஐடி, 32 பிஎஸ்ஐ, 3 டிகிரி, பேட்டரி ஓகே. முன் வலது: பீப். பின் வலது: பீப். பின் இடது: சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். காரை அரைச் சுற்று நகர்த்தி வால்வைக் கீழே கொண்டுவந்து பார்த்தேன். காற்றைத் திடீரென்று இறக்கினால் சில சென்சார்கள் விழிக்கும் என்பதால் 5 பிஎஸ்ஐ போல உஸ்ஸென்று திறந்துவிட்டும் பார்த்தேன். மௌனம். கருவியில் கோளாறோ என்று பேஸ்மென்ட்டில் அடுக்கியிருந்த கோடை டயர்களிடம் போய் அழுத்தினேன். நான்கும் வரிசையாகப் பதில் சொல்லின. ஆக, கருவி நன்றாக இருக்கிறது. பின் இடது செத்துவிட்டது.

ஆனால் மூன்று உயிரோடு இருந்தும் அவற்றையும் கார் ஏன் கேட்கவில்லை? காரின் ஓபிடி போர்ட்டில் (காரின் கம்ப்யூட்டரோடு பேச வைத்திருக்கும் சாக்கெட்) கேபிள் செருகி லேப்டாப்பில் பார்த்தபோது விடை கிடைத்தது. காரின் பட்டியலில் இருந்த நான்கு ஐடிகளும் பேஸ்மென்ட்டில் தூங்கும் கோடை டயர்களுடையவை. அதாவது என்னிடம் இருந்தது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. ஒன்று செத்த சென்சார். மற்றது, ஆள் மாறியதைக் காரிடம் யாரும் சொல்லவில்லை. செத்ததை மட்டும் மாற்றியிருந்தாலும் விளக்கு சிமிட்டிக்கொண்டேதான் இருந்திருக்கும். அப்போது நான் புதுச் சென்சாரைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

பின் இடதுச் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு அண்ணாவின் கடைக்குப் போனேன். அவர் முதலில் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து, டயரை மெஷினில் அதற்குத் தகுந்த மாதிரி திருப்பி வைத்தார். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்க்கும் தகடு வால்வுப் பக்கம் விழுந்தால் சென்சார் நொறுங்கிவிடும். அவசரத்தில் செய்பவர்களிடம் அப்படித்தான் நொறுங்குகிறதாம். விளிம்பு 'டொப்' என்று பெயர்ந்ததும் கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். கறுப்பாக, தீப்பெட்டி அளவில் ஒன்று. குலுக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆடவில்லை. உள்ளே பேட்டரியையும் சர்க்யூட்டையும் சேர்த்துப் பசை ஊற்றி மூடியிருக்கிறார்கள்.

"பற்றரி மட்டும் மாத்தேலாதா அண்ணா?"

"ஏலாது. ஏழெட்டு வருசம் உழைச்சிருக்கு, பாவம். புதுசுதான் போடவேணும்."

நாம் எழுதும் ஐடியை ஏற்றுக்கொள்ளும் வகைப் புதுச் சென்சார் ஒன்றைப் போட்டு, பேலன்ஸ் பார்த்துத் தந்தார். 65 டாலர். நான்கையும் இந்த வகையாகப் போட்டு, கோடைச் சென்சார்களின் ஐடியையே அவற்றிலும் எழுதிவிட்டால் காருக்கு டயர் மாறியதே தெரியாது, ஒவ்வொரு சீசனும் லேப்டாப்பைத் தூக்க வேண்டாம் என்றார். 260 டாலர். பழைய மூன்றும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று விட்டுவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை.

அன்று இரவு வீட்டு வாசலில், என்ஜின் ஓடாமல் இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணி வைத்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில், பட்டியலில் இருக்கும் கோடை ஐடிகளைப் போட்டோ எடுத்தேன். இதைச் செய்யாமல் எதையும் அழிக்கக் கூடாது. பிறகு கருவியில் படித்த புது நான்கையும் ஒவ்வொன்றாக டைப் செய்தேன். எண்களும் எழுத்துகளும் கலந்து எட்டெட்டு இடம். இக்னிஷனை ஆஃப் செய்து, திரும்ப ஸ்டார்ட் பண்ணி, 401 நெடுஞ்சாலையில் பிக்கரிங் வரை ஒரு ரவுண்டு. நின்ற இடத்தில் காத்திருந்து பயனில்லை. சக்கரம் வேகமெடுத்தால்தான் சென்சார் பேசும்.

திரும்பி வரும் வழியில் மீண்டும் சிமிட்டல்.

சரி, ஸ்டீரிங்கை ஒரு குத்து குத்திவிட்டு (குத்தினேன், மறைப்பானேன்) மறுபடி கேபிளைச் செருகினேன். இரண்டாவது சென்சாரிடமிருந்து செய்தி வரவில்லை என்றது. மற்ற மூன்றும் காற்றளவு காட்டின. ஐடியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். கருவியின் சின்னத் திரையில் இருந்த ஆங்கில 'பி'யை நான் 8 என்று அடித்திருந்தேன். திருத்தி, மறுபடி பிக்கரிங். பத்தாவது நிமிடம் விளக்கு அணைந்தது. வீட்டில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை, கார் இரவெல்லாம் நின்று டயர் ஆறியிருக்கும்போது நான்கையும் 33க்குச் சரிசெய்து, அப்புறம் 'செட்' பட்டனை அழுத்தினேன். இந்த முறை அந்த மூன்று சிமிட்டலுக்கு அர்த்தம் இருந்தது. நான்கு ரிம்மின் உள்பக்கத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்தப் பக்கம், என்ன ஐடி என்று மார்க்கரில் எழுதினேன். 'பி'க்கு அடியில் ஒரு கோடும் போட்டேன்.

ஜனவரி நடுவில் ஒரு காலை, மைனஸ் 22. ஸ்டார்ட் பண்ணியதும் விளக்கு. வயிற்றைக் கலக்கியது. ஆனால் சிமிட்டவில்லை, வந்ததும் நிலையாக எரிந்தது. ஓ, இது வேற செய்தி. கேஜை எடுத்துப் பார்த்தால் 24, 25, 25, 24. எரிய வேண்டியதுதான்: 33இல் 25 சதவீதம் போனால் 24.75.

எப்படிக் குறைந்தது என்று யோசித்தபோது தப்பு என்னுடையது என்று தெரிந்தது. டிசம்பரில், நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு வரும் வழியில் பங்கில் நிறுத்தி, டயர் இளஞ்சூடாக இருக்கும்போதே அது சரியாக 33 காட்டும்படி காற்றை வைத்தேன். டயருக்குள் அப்போது 20 டிகிரி இருந்தது என்று வைத்துக்கொண்டால், அதே காற்று மைனஸ் 22இல் 26 பிஎஸ்ஐதான் காட்டும். சுமாராக, வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ குறையும். மிச்சம் ஒன்றிரண்டு, ஒரு மாதத்தில் தானாகக் கசிந்திருக்கும். எந்த டயரிலும் நடப்பதுதான்.

கை அந்த 'செட்' பட்டனை நோக்கிப் போனதை ஒத்துக்கொள்கிறேன். அழுத்தியிருந்தால் விளக்கு உடனே அணைந்திருக்கும். 24தான் சரியான அளவு என்று கார் நம்பியிருக்கும், 18க்குப் போகும்வரை வாயைத் திறந்திருக்காது.

அழுத்தவில்லை. பன்னிரண்டு வோல்ட் பம்ப்பை எடுத்துக்கொண்டு காற்றடிக்கப் போனேன். பின் வலது முடிந்தது. முன் இடதில் அந்தக் குரோம் மூடி திரும்பவே இல்லை. உற்றுப் பார்த்தேன். மூடிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. தண்டு அலுமினியம், மூடி வேறு உலோகம், நடுவில் இரண்டு மாதமாகச் சாலையில் கொட்டும் உப்புத் தண்ணீர். ஒன்றையொன்று அரித்து ஒரே துண்டாகிவிட்டிருந்தன. நிதானமாக யோசித்திருக்க வேண்டிய இடம். மைனஸ் 22இல் யார் யோசிப்பது? இடுக்கியால் பிடித்துத் திருகினேன். ஒரு கணம் அசைந்த மாதிரி இருந்தது. மூடிதான் கழல்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தேன். திரும்பியது மூடி அல்ல, தண்டு. 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம். முறிந்த தண்டு மூடியோடு என் இடுக்கியில் இருந்தது. டயர் சீறிக்கொண்டு என் கண்ணெதிரே தரையோடு படிந்தது.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மீண்டும் அதே கடை. அண்ணா முறிந்த துண்டை வாங்கிப் பார்த்தார், குரோம் மூடியை நகத்தால் சுரண்டினார். "ஸ்ரைல் மூடி" என்று சொல்லிவிட்டுக் குப்பையில் போட்டார். இந்தச் சென்சாரில் தண்டும் உடம்பும் ஒன்றாக வார்த்தது, தண்டை மட்டும் மாற்ற முடியாது. இன்னொரு 65 டாலர்.

இந்த முறை எனக்கு ஒரு யோசனை வந்தது. ரிம்மின் உள்பக்கம் உப்புச் சேறு படிந்திருந்த டேப்பைத் துடைத்து, அதில் எழுதியிருந்த பழைய ஐடியைக் காட்டினேன். "இதையே புதுசுல எழுதிட முடியுமா அண்ணா?" அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார். "எழுதி வைச்சிருக்கிறீரோ? நல்ல வேலை." அவருடைய கருவியில் அந்த எட்டு இடத்தையும் அடித்தார், புதுச் சென்சாரை மேலே வைத்தார், அரை நிமிடம். ரப்பர் தண்டு கொண்ட வகையாகப் பார்த்துப் போட்டார்; இரும்பு ரிம்முக்கு அது போதும், உப்பும் ஒன்றும் செய்யாது. மற்ற இரண்டு பழைய வால்விலும் இருந்த குரோம் மூடிகளை, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, தண்டை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு கழற்றினார். பிளாஸ்டிக் மூடி போட்டார். அவற்றுக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் விளக்கு சிமிட்டவே இல்லை. லேப்டாப்பைத் திறக்கவும் இல்லை. மற்ற டயர்களைப் போலவே இதுவும் மறுநாள் காலைக் குளிரில் 33 ஆனது.

ஏப்ரல் கடைசியில் கோடை டயர்களைத் திரும்ப மாட்டினேன். போட்டோவைப் பார்த்துப் பழைய ஐடிகளை எழுத இருபது நிமிடம், பிக்கரிங் வரை ஒரே ஒரு ரவுண்டு. பனிக்காலச் சக்கரங்கள் பேஸ்மென்ட்டில் டேப்போடு நிற்கின்றன. அவற்றில் இரண்டு சென்சார்கள் இன்னும் பழையவை, செத்ததன் வயதுதான் அவற்றுக்கும். ஆபீஸ்காரரிடம் கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அக்டோபரில் ஒருநாள் மறுபடி வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை ஜாக்கியைத் தொடும் முன்பே.